ஊழல் வழக்கை ஹைகோர்ட்ல குவாஷ் பண்ண முடியுமா? வாசகர் கேள்விகளும் வக்கீல் பதில்களும்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது ஒரே விஷயம்தான், லஞ்ச ஒழிப்புத்துறை கேஸ் போட்டிருக்காங்க, ஹைகோர்ட்ல குவாஷ் போட்டு, அதாவது வழக்கை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டு, உடைச்சிடலாமாங்கறது. அதனால இந்த தடவை மொத்த பகுதியையும் இதுக்கே ஒதுக்கியாச்சு. எழுதினவங்க நிறைய பேருக்கு வழக்கு நடந்துட்டிருக்கு, அதனால பேரும் ஊரும் போடல.

கேள்வி: சார், நான் டெல்டா பக்கம் நெல் வியாபாரி. எங்க ஏரியா நேரடி கொள்முதல் நிலையத்துல விவசாயிங்க பேரை வெச்சு வியாபாரிங்க நெல் போட்டு அரசு விலை வாங்கினதா கேஸ். குற்றம் சாட்டப்பட்டவங்க வரிசைல பட்டியல் எழுத்தர் ஏ1, வி.ஏ.ஓ. ஏ2, நான் ஏ3. கவர்மெண்ட் சம்பளம் ஒரு ரூபா வாங்காதவன் மேல எப்படி ஊழல் தடுப்பு சட்டம் வரும்? இந்த ஒரு பாயிண்ட்லயே குவாஷ் ஆயிடும்னு ஒருத்தர் சொல்றார். செலவு பண்ணலாமா?

பதில்: ஐயா, அந்த ஒரு பாயிண்ட்ட மட்டும் நம்பி பைசா செலவு பண்ணாதீங்க, அது நிக்காது. ஊழல் தடுப்பு சட்டம் 1988 பேருக்கு அரசு ஊழியர் மேல இருந்தாலும் கூட நின்னவங்களையும் சேர்த்துத்தான் பிடிக்கும். 12வது பிரிவு உடந்தையா இருந்தவங்களுக்கு, 8வது பிரிவு லஞ்சம் கொடுத்தவங்களுக்கு, 7ஏ நடுவுல புரோக்கர் வேலை பாத்தவங்களுக்கு, இது போக கூட்டுச்சதி தனியா இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன நல்லம்மாள் வழக்குல 1999லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அரசு ஊழியரோட சொத்துக்குவிப்புக்கு துணை போன வெளி ஆளையும் அதே வழக்குல சேர்த்து விசாரிக்கலாம்னு. ஸ்பெஷல் கோர்ட்லயே ஏ1 ஏ2வோட சேர்த்து உங்களையும் விசாரிக்க முடியும்.

அப்போ உங்களுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது வேற பக்கம் இருக்கு. குவாஷ் மனுங்கறது பழைய கிரிமினல் நடைமுறை சட்டத்துல 482, 2024 ஜூலை 1லிருந்து அதுக்கு பதிலா வந்த புது சட்டம் பி.என்.எஸ்.எஸ்.ல 528. அதுல ஜட்ஜ் முக்கியமா பாக்கறது ஒண்ணு தான். போலீஸ் எழுதினது அத்தனையும் அப்படியே உண்மைன்னு வெச்சுக்கிட்டாலும் அதுல குற்றம்னு ஏதாவது தெரியுதா? தெரியுதுன்னா கேஸ் நடக்கட்டும்னு விட்டுடுவாங்க, தெரியலைன்னா ரத்து. நீங்க நல்லவரா, சாட்சி பொய் சொல்றாரா, வி.ஏ.ஓ.வுக்கும் உங்களுக்கும் பகையா, இதெல்லாம் அங்க பேசவே முடியாது, அது விசாரணைல பேச வேண்டியது. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க, தன்னோட நியாயத்தை எல்லாம் அம்பது பக்கத்துக்கு மனுவா எழுதி எடுத்துட்டு போறாங்க, ஜட்ஜ் முதல் ஹியரிங்லயே இதெல்லாம் டிரையல்ல சொல்லுங்கன்னு சொல்லிடறார்.

எந்தெந்த காரணத்துக்கு ரத்து பண்ணலாம்னு 7 வகையா பிரிச்சு எழுதினது நம்ம திருநெல்வேலி பக்கத்துக்காரர், நீதிபதி ரத்தினவேல் பாண்டியன், 1990 நவம்பர்ல ஹரியானா அரசு எதிர் பஜன் லால் வழக்குல. இன்னிக்கும் இந்தியா முழுக்க எந்த ஹைகோர்ட்ல குவாஷ் மனு எடுத்தாலும் அந்த தீர்ப்பு இல்லாம இருக்காது. அதுவும் ஒரு சொத்துக்குவிப்பு புகார்தான், பஜன் லால் அந்த மாநிலத்துல முதலமைச்சரா இருந்தவர். ஹைகோர்ட் ரத்து பண்ணின எஃப்.ஐ.ஆர்-ஐ சுப்ரீம் கோர்ட் திரும்ப உயிரோட கொண்டுவந்துச்சு, ஆனா விசாரிச்ச இன்ஸ்பெக்டருக்கு முறையான அதிகாரம் இல்லைன்னு அந்த விசாரணையை மட்டும் ரத்து பண்ணிச்சு. அதாவது ரத்துக்கு 7 வழி காட்டின அதே தீர்ப்புல எஃப்.ஐ.ஆர் ரத்து ஆகல. குவாஷ் சுலபம்னு சொல்றவர்கிட்ட இதை கேட்டுப் பாருங்க.

இப்ப உங்க கேஸுக்கு வர்றேன். குற்றப்பத்திரிகை நகலை கைல வாங்கி ஏ3ன்னு வர்ற ஒவ்வொரு இடத்தையும் கோடு போட்டுக்கிட்டே படிங்க. கொள்முதல் கேஸ்ல பேப்பர் எப்படி இருக்கும்னா, சிட்டா அடங்கல் நகல், வி.ஏ.ஓ. சான்று, எடை போட்ட சீட்டு, விவசாயி பேங்க் கணக்குக்கு பணம் போன விவரம், அப்புறம் விவசாயிங்க போலீஸ்ல கொடுத்த வாக்குமூலம். ஒரே சர்வே நம்பர் ரெண்டு பேர் பேர்ல வந்திருக்கா, ஒரு ஏக்கருக்கு 200 மூட்டை விளைஞ்சதா எழுதி இருக்கா, சாகுபடியே பண்ணாத தரிசுக்கு அடங்கல் கொடுத்திருக்கா, இதெல்லாம் ஏ1 ஏ2 தலைல விழும். உங்க தலைல விழறது அந்த விவசாயி வாக்குமூலம்தான். "வியாபாரி வந்து சிட்டாவும் பாஸ்புக்கும் கேட்டார், கொடுத்தேன், பணம் ஏறினதும் எடுத்துக் கொடுத்துட்டேன், எனக்கு கொஞ்சம் கொடுத்தார்"னு ரெண்டு பேர் சொல்லியிருந்தாலே போதும், குவாஷ் ஆகாது, எவ்வளவு பெரிய வக்கீல் வெச்சாலும் ஆகாது. அப்படி எதுவுமே இல்லாம, அந்த ஊர்ல நெல் வியாபாரம் பண்றவர், பட்டியல் எழுத்தருக்கு தெரிஞ்சவர், அதனால சதில பங்கு உண்டுன்னு மட்டும் எழுதியிருந்தா, அது நல்ல குவாஷ் கேஸ். விவசாயிகிட்ட நெல் வாங்கறது குற்றம் இல்லை, ஒருத்தரை தெரிஞ்சு வெச்சிருக்கறதும் குற்றம் இல்லை. நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரியாவது பேப்பர்ல இருக்கணும்.

ஒண்ணு மனசுல பட்டதை சொல்லிடறேன் ஐயா. அந்த நிலையத்துக்கு வெளில மழைல நனைஞ்சு மூட்டைல முளை விட்ட நெல்லோட நாள்கணக்கா காத்து கிடந்த சின்ன விவசாயிக்கு சேர வேண்டிய இடம் அது. நீங்க நிஜமாவே அதுல இல்லைன்னா கடைசி வரைக்கும் போராடுங்க, பேப்பர் உங்க பக்கம் இருக்கும். அதுல இருந்தீங்கன்னா இந்த சட்டத்துக்கு முன்னாடி வியாபாரி, அதிகாரின்னு வித்தியாசம் கிடையாது, இருக்கவும் கூடாதுங்கறது என் கருத்து.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். டிபார்ட்மெண்ட் என்கொயரில குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலைன்னு விட்டுட்டாங்க. அதே குற்றச்சாட்டுக்கு கிரிமினல் கேஸ் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. இது எந்த ஊர் நியாயம், இதை வெச்சு ரத்து கேக்க முடியாதா?

பதில்: அம்மா, கேக்கலாம், நீங்க சொல்றதுல நல்ல சரக்கு இருக்கு, ஆனா என்கொயரி ரிப்போர்ட்டோட கடைசி பக்கத்தை வெச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. துறை விசாரணைல குற்றம் நடந்திருக்க வாய்ப்பு இருக்குன்னு காட்டினாலே போதும், கிரிமினல் கோர்ட்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். குறைஞ்ச அளவுக்கே நிரூபிக்க முடியாத விஷயத்தை பெரிய அளவுக்கு எப்படி நிரூபிப்பீங்கங்கறதுதான் நம்ம வாதம். பி.எஸ்.ராஜ்யா வழக்குல 1996ல இதை ஏத்துக்கிட்டு சுப்ரீம் கோர்ட் சி.பி.ஐ. வழக்கையே ரத்து பண்ணியிருக்கு, 2011ல ராதேஷ்யாம் கேஜ்ரிவால் தீர்ப்புல இன்னும் தெளிவா எழுதினாங்க, 2020ல கூட ஒரு வங்கி அதிகாரி வழக்குல அதையே பின்பற்றினாங்க.

எதிர்ப்பக்கம் என்ன காட்டுவாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க. 2012ல டெல்லி அரசு எதிர் அஜய் குமார் தியாகி தீர்ப்பு, துறை விசாரணைல விடுதலைங்கற ஒரே காரணத்துக்காக கிரிமினல் வழக்கு தானா விழுந்துடாதுன்னு சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா கேள்வி இதுதான். உங்க வீட்டுக்காரரை எதுக்காக விட்டாங்க? சாட்சியை எல்லாம் விசாரிச்சு, ஆவணத்தை பாத்து, இவர் இதை செய்யவே இல்லைன்னு எழுதி விட்டிருந்தா உங்க கை ஓங்கும். சாட்சி யாரும் வரல, ஃபைல் காணோம், சார்ஜ் மெமோ தப்பா போட்டுட்டாங்கன்னு டெக்னிக்கலா விட்டிருந்தா ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ரெண்டு இடத்துலயும் குற்றச்சாட்டு வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கணும், அதையும் பாக்கணும். என்கொயரி ஆபீசர் ரிப்போர்ட், அதை மேலதிகாரி ஏத்துக்கிட்ட உத்தரவு, சார்ஜ் மெமோ, இது மூணுக்கும் சான்று நகல் வாங்கி வெச்சுக்கோங்க. கையில ஆர்டர் இல்லாம வாயால சொன்னா ஹைகோர்ட்ல எடுபடாது.

கேள்வி: லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமா பிடிக்கற டிராப் கேஸ்ல என் அண்ணன் மாட்டிக்கிட்டார். இப்ப புகார் கொடுத்தவரோட பேசி சமாதானம் ஆயாச்சு, அவரே வந்து ஜட்ஜ்கிட்ட ஆட்சேபம் இல்லைன்னு சொல்ல ரெடி. ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து போட்டு ஜாயிண்ட் மெமோ கொடுத்தா முடிஞ்சிடும் தானே?

பதில்: முடியாது தம்பி. அடிதடி, பாகப்பிரிவினை தகராறு மாதிரி விஷயத்துக்கு சமாதானம் செல்லும், லஞ்சத்துக்கு செல்லாது, ஏன்னா லஞ்சத்துல பாதிக்கப்பட்டது புகார் கொடுத்தவர் மட்டும் இல்ல. 2012ல கியான் சிங் தீர்ப்புலயே ஊழல் தடுப்பு சட்ட வழக்கை ராஜி வெச்சு ரத்து பண்ணக்கூடாதுன்னு சொல்லியாச்சு. நம்ம ஊர்லயே நடந்தது இருக்கு, போக்குவரத்துக் கழகத்துல வேலை வாங்கித் தர்றதா பணம் வாங்கினதா சொல்லப்பட்ட வழக்கு. கொடுத்தவங்க பணம் திரும்ப வந்துடுச்சுன்னு சமாதானம் ஆனாங்க, 2021ல சென்னை ஹைகோர்ட் அதை ஏத்துக்கிட்டு ஒரு வழக்கை ரத்து பண்ணிச்சு, அந்த வேலைக்கு முயற்சி பண்ணி கிடைக்காத ஒருத்தர் சுப்ரீம் கோர்ட் போனார், 2022 செப்டம்பர்ல அந்த ரத்து உத்தரவு ரத்தாகி வழக்கு மறுபடி உயிர் பெத்துடுச்சு. காசு கொடுத்தவனும் வாங்கினவனும் கை குலுக்கிட்டா போதுமா, காசு கொடுக்க வழி இல்லாம மார்க் மட்டும் வெச்சுக்கிட்டு நின்னானே அவன் கதி என்னங்கறது தான் அந்த தீர்ப்போட சாரம். எனக்கு ரொம்ப பிடிச்ச தீர்ப்பு அது.

இன்னொண்ணு, புகார்தாரர் கோர்ட்ல பல்டி அடிச்சா கேஸ் தானா போயிடும்னும் நினைக்காதீங்க. 2022 டிசம்பர்ல நீரஜ் தத்தா வழக்குல 5 நீதிபதிங்க உக்காந்து சொன்னது, லஞ்சம் கேட்டதையும் வாங்கினதையும் நிரூபிச்சாகணும், அதுல மாற்றம் இல்லை, ஆனா புகார்தாரர் இறந்துட்டாலோ பிறழ் சாட்சி ஆனாலோ மத்த சாட்சி, சூழ்நிலை வெச்சும் நிரூபிக்கலாம். டிராப்ல ரெண்டு அரசு ஊழியர் சாட்சியா நிப்பாங்க, நோட்டுல பினாப்தலின் பவுடர் தடவி நம்பர் குறிச்சிருப்பாங்க, கைய சோடா கரைசல்ல முக்கினா தண்ணி ரோஸ் கலர் ஆகும், அதை பாட்டில்ல அடைச்சு சீல் வெச்சு கையெழுத்து வாங்கியிருப்பாங்க. இதெல்லாம் சமாதானம் ஆகாது. ஆனா ஒண்ணு, கை சிவந்தது மட்டும் போதாது, பணம் கேட்டதுக்கு ஆதாரம் வேணும், கேட்டது நிரூபணம் ஆகாம நோட்டு கைப்பற்றினதை மட்டும் வெச்சு தண்டிக்க முடியாதுன்னு 2014ல ஜெயராஜ் தீர்ப்புல இருந்தே சொல்லிட்டு வர்றாங்க. உங்க அண்ணன் பக்கம் பலம் இருந்தா அது இந்த இடத்துல, அதுவும் குறுக்கு விசாரணைல வர வேண்டியது. அதனால ராஜி பேச்சுக்கு செலவு பண்றதை நிறுத்திட்டு நல்ல டிரையல் வக்கீல் பாருங்க. புகார்தாரரை தேடிப் போய் பேசறதையும் நிறுத்துங்க, சாட்சியை கலைக்கப் பாத்தார்னு ஜாமீனை ரத்து பண்ண மனு போட்டா இருக்கறதும் போயிடும்.

கேள்வி: ஹார்ட்வேர் கடை வெச்சிருக்கேன். லைசென்ஸ் விஷயமா ஒரு ஆபீஸ்ல அலைய விட்டு அலைய விட்டு கடைசில காசு கேட்டாங்க, வேற வழி இல்லாம கொடுத்துட்டேன். இப்ப புகார் கொடுத்தா கொடுத்த நானும் குற்றவாளின்னு மிரட்டறாங்க, உண்மையா?

பதில்: பாதி உண்மை, அந்த பாதியை வெச்சுத்தான் வியாபாரிங்க வாயை அடைக்கறாங்க. 2018 ஜூலை 26லிருந்து லஞ்சம் கொடுக்கறதும் நேரடி குற்றம், 7 வருஷம் வரைக்கும் தண்டனை. ஆனா அதே 8வது பிரிவுலயே கட்டாயத்தால கொடுத்தவங்களுக்கு விலக்கு இருக்கு, கொடுத்த 7 நாளைக்குள்ள போலீஸ்லயோ லஞ்ச ஒழிப்புலயோ சொல்லிடணும். கொடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு அவங்க ஏற்பாட்டுல கொடுத்தா உங்க மேல குற்றமே கிடையாது. அதனால என்னிக்கு கொடுத்தீங்கன்னு கணக்கு பாருங்க. 7 நாள் தாண்டலைன்னா இந்த இதழை மூடி வெச்சிட்டு இன்னிக்கே போங்க, எழுத்துல கொடுத்து ரசீது வாங்குங்க. தாண்டிடுச்சுன்னா தனியா போகாதீங்க, ஒரு வக்கீலோட போங்க, அலைய விட்டதுக்கான மனு நகல், தேதி, போன் பேசின விவரம் எல்லாம் எடுத்துட்டு போங்க, கட்டாயத்துல கொடுத்தீங்கன்னு காட்ட அது தான் துணை. அடுத்த தடவை கேட்டா கொடுக்கறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புத்துறைக்கு போயிடுங்க. பழைய சட்டத்துல லஞ்சம் கொடுத்தேன்னு ஒத்துக்கிட்டு வாக்குமூலம் கொடுத்தவரை அதை வெச்சு வழக்குல சேர்க்க முடியாதுன்னு 24வது பிரிவு ஒண்ணு இருந்துச்சு, 2018ல எடுத்துட்டாங்க. சின்ன கடைக்காரருக்கு சட்டம் தெரியறதுக்குள்ள அந்த 7 நாள் போயிடுது, அதை கொஞ்சம் நீட்டியிருக்கலாம்னு இன்னிக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

கேள்வி: நான் உள்ளாட்சி பொறியாளர். டெண்டர் ஒண்ணுக்கு பரிந்துரை எழுதினேன், கமிட்டி ஒப்புதல் கொடுத்துச்சு. இப்ப நஷ்டம்னு சொல்லி கான்ட்ராக்டரையும் என்னையும் சேர்த்து எஃப்.ஐ.ஆர். 17ஏ அனுமதி வாங்கலை, ஆரம்ப கட்ட விசாரணையும் பண்ணலை. இது போதுமா ரத்து பண்ண?

பதில்: தேதியை எழுதாம விட்டுட்டீங்க சார், இதுல தேதிதான் எல்லாம். 17ஏவும் 2018 ஜூலை 26ல வந்தது. அரசு ஊழியர் எடுத்த முடிவு, எழுதின பரிந்துரை சம்பந்தமா விசாரிக்கணும்னா முன்கூட்டி அரசோட அனுமதி வேணும், கையும் களவுமா பிடிக்கற டிராப்புக்கு வேணாம். அதுக்கு முன்னாடி பதிவான வழக்குக்கு பின்தேதில பொருந்தாதுன்னு ராஜஸ்தான் வழக்கு ஒண்ணுல 2021ல சொல்லிட்டாங்க. செயல் நடந்தது முன்னாடி, எஃப்.ஐ.ஆர் போட்டது பின்னாடின்னா என்னங்கறதுல 2024 ஜனவரில சந்திரபாபு நாயுடு வழக்குல ரெண்டு நீதிபதிங்களும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதிட்டாங்க. உங்க பரிந்துரையும் எஃப்.ஐ.ஆரும் ரெண்டுமே 2018க்கு அப்புறம்னா உங்களுக்கு பலமான பாயிண்ட், உடனே எடுங்க. ஆனா ஜெயிச்சாலும் அவங்க அனுமதி வாங்கிட்டு திரும்ப ஆரம்பிக்க வாய்ப்பு இருக்குங்கறதை மனசுல வெச்சுக்கோங்க.

ஆரம்ப விசாரணை இல்லைங்கற பாயிண்ட் அவ்வளவு உதவாது. 1970ல சிராஜுதீன் வழக்குல, அவர் மெட்ராஸ் நெடுஞ்சாலைத்துறைல சீஃப் இன்ஜினியரா இருந்தவர், அரசு ஊழியர் மேல பகிரங்கமா குற்றம் சாட்டறதுக்கு முன்னாடி பொறுப்பான அதிகாரி ஒருத்தர் விசாரிச்சுப் பாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் அழகா எழுதிச்சு, ஒரு நேர்மையான ஆளோட பேர் கெட்டா திரும்ப வராதுங்கற அக்கறை அதுல இருக்கும். 2013 லலிதா குமாரி தீர்ப்பும் ஊழல் புகார்ல அப்படி விசாரிக்கலாம்னு இடம் விட்டுச்சு. ஆனா 2021லயும் 2025லயும் வந்த தீர்ப்புகள், அது கட்டாயம் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர் அதை உரிமையா கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

உங்களுக்கு நான் பெருசா நினைக்கறது வேற பாயிண்ட். பழைய 13(1)(டி) பிரிவுல அடுத்தவருக்கு ஆதாயம் போச்சுன்னாலே அதிகாரி மாட்டுவார், 2018ல அதை தூக்கிட்டாங்க. இப்ப 13வது பிரிவுல கையாடல் இருக்கணும், இல்லைன்னா சொத்து குவிச்சிருக்கணும், அது போக 7வது பிரிவுல லஞ்சம் வாங்கியிருக்கணும். தப்பான முடிவு எடுத்தார், அரசுக்கு நஷ்டம்னு மட்டும் எஃப்.ஐ.ஆர்ல இருந்தா அது ஊழல் குற்றம் ஆகாதுன்னு வாதாட இடம் இருக்கு. பழைய சட்டம் இருந்த காலத்துலயே ஜாஃபர் ஷரீஃப் வழக்கு இருக்கு, ரயில்வே அமைச்சரா இருந்தப்ப லண்டனுக்கு சிகிச்சைக்கு போனவர் பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் 4 பேரை கூட கூட்டிட்டு போனார்னு கேஸ், நேர்மையில்லாத எண்ணம் இருந்ததா எதுவும் இல்லைன்னு 2012ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிச்சு. உங்க பரிந்துரை நோட்ஷீட்ல காரணம் எழுதியிருக்கீங்களா, ரேட் ஒப்பீடு வெச்சிருக்கீங்களா? அந்த ஃபைல் தான் உங்களை காப்பாத்தும். சஸ்பென்ஷன்ல இருந்தா ஃபைல் கைக்கு வராது, ஆர்.டி.ஐ. போட்டு இப்பவே நகல் கேளுங்க. கான்ட்ராக்டர் கணக்குல இருந்து உங்க வீட்டுக்கு ஏதாவது பணம் வந்ததா காட்டியிருந்தாங்கன்னா மட்டும் இதெல்லாம் மறந்துடுங்க.

கேள்வி: அப்பா மேல வழக்கு பதிவாகி பல வருஷம் ஆச்சு, இன்னும் சாட்சி விசாரணையே ஆரம்பிக்கல. பென்ஷன் முழுசா வரல, உடம்பும் முடியல. தாமதத்தை காட்டி ரத்து கேக்கலாமா?

பதில்: கேக்கலாம் மா. இத்தனை வருஷம்னு கோடு போட்டு எந்த கோர்ட்டும் சொல்லாது, 2002ல 7 நீதிபதிங்க அமர்வே அப்படி கால வரம்பு வைக்க முடியாதுன்னுடுச்சு. ஆனா தாமதம் யாரால வந்துச்சுன்னு பாப்பாங்க. வகீல் பிரசாத் சிங் வழக்கை உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க, வகீல்ங்கறது அவர் பேரு, பீகார் மின்வாரியத்துல உதவிப் பொறியாளர், பில் பாஸ் பண்ண ஒரு கான்ட்ராக்டர்கிட்ட 1,000 ரூபா கேட்டார்னு 1981ல வழக்கு. அதிகாரம் இல்லாத ஆள் விசாரிச்சார்னு 1990ல பாட்னா ஹைகோர்ட் ரத்து பண்ணி, டி.எஸ்.பி. ஒருத்தர் 3 மாசத்துல முடிக்கணும்னு சொல்லிச்சு. யாரும் தொடவே இல்லை, 2007ல தான் குற்றப்பத்திரிகை வந்துச்சு. 2009ல சுப்ரீம் கோர்ட் மொத்தமா முடிச்சு வெச்சிடுச்சு. அப்பா வழக்கோட கோர்ட் டைரி நகல், அதாவது ஒவ்வொரு வாய்தாவும் எதுக்காக தள்ளிப் போச்சுங்கற குறிப்பு, அதை வாங்குங்க. போலீஸ் சாட்சி வராம, ஜட்ஜ் போஸ்டிங் இல்லாம தள்ளினதா, நம்ம வக்கீல் வாய்தா கேட்டு தள்ளினதாங்கறதுல தான் முடிவு இருக்கு. ரத்து கிடைக்கலைன்னாலும் இத்தனை மாசத்துல முடிக்கணும்னு ஒரு உத்தரவு வாங்கலாம், உங்க அப்பா வயசுக்கு அதுவே பெரிய நிம்மதி. நேர்ல ஆஜராக விலக்கும் சேர்த்துக் கேளுங்க, உடம்பு முடியாதவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ல கூட்டிட்டு போகாதீங்க.

கேள்வி: குவாஷ் போட்டா கீழ்கோர்ட் விசாரணைக்கு ஸ்டே கிடைக்குமா? டிஸ்சார்ஜ் மனு வேற, குவாஷ் வேறயா?

பதில்: வேற வேற. குவாஷ் ஹைகோர்ட்ல, சென்னைல இல்லைன்னா மதுரை கிளைல. டிஸ்சார்ஜ், அதாவது விசாரணைக்குப் போகாமலே வழக்குல இருந்து விடுவிக்கக் கேக்கறது, உங்க வழக்கு நடக்கற ஸ்பெஷல் கோர்ட்லயே, குற்றச்சாட்டு வனையறதுக்கு முன்னாடி. புது பி.என்.எஸ்.எஸ்.ல நகல் கொடுத்த நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள டிஸ்சார்ஜ் கேக்கணும்னு போட்டிருக்காங்க, நிறைய பேர் ஹைகோர்ட்டுக்கு ஓடிட்டு இந்த 60 நாளை விட்டுடறாங்க. சுமாரான பாயிண்ட்னா முதல்ல டிஸ்சார்ஜ், அது போனா மேல போறதுன்னு தான் நான் சொல்வேன். ஸ்டே விஷயத்துல ஊழல் தடுப்பு சட்டம் 19(3) கறாரா இருக்கு, வழக்கு நடக்கறதை நிறுத்தாதேன்னு. ரொம்ப அபூர்வமா தான் கொடுப்பாங்க. எஃப்.ஐ.ஆர் கட்டத்துல கைது பண்ணாதேன்னு பொத்தாம் பொதுவா உத்தரவு போடக்கூடாதுன்னு 2021ல நிஹாரிகா தீர்ப்பும் இருக்கு. கைது பயம்னா முன்ஜாமீன் போடுங்க, குவாஷ் மனுவை அதுக்கு பயன்படுத்தாதீங்க. சேங்ஷன், அதாவது வழக்கு தொடர வாங்கற அனுமதி, சரியில்லைங்கற பாயிண்ட்டுக்கும் இதே 19(3) தான், அதனால நியாயம் தவறிப்போச்சுன்னு காட்டினா தான் பலிக்கும். பலிச்சாலும் அது நிரந்தர விடுதலை இல்லை, சரியான அனுமதியோட திரும்ப வழக்கு வரலாம்னு 2015ல நஞ்சப்பா தீர்ப்பு.

கேள்வி: நான் புகார் கொடுத்தவன் சார். அந்த அதிகாரியும் கான்ட்ராக்டரும் சேர்ந்து ஹைகோர்ட்ல குவாஷ் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம முடிச்சிடுவாங்களா? எங்க ஊர் தண்ணி தொட்டி விஷயம் சார் இது.

பதில்: பெரும்பாலும் உங்களை ரெண்டாவது எதிர்மனுதாரரா சேர்த்திருப்பாங்க, நோட்டீஸ் வரும். சேர்க்கலைன்னா நீங்களே இம்ப்ளீட் மனு போட்டு உள்ள வரலாம். ஹைகோர்ட் வெப்சைட்ல எஃப்.ஐ.ஆர் நம்பரை, இல்லைன்னா அவங்க பேரை போட்டு வழக்கு நிலவரம் தேடுங்க, கிரிமினல் ஓ.பி.ன்னு நம்பர் இருக்கும். அரசு வக்கீல் பாத்துப்பார்னு சும்மா இருந்துடாதீங்க, அவர் கைல ஒரு நாளைக்கு அவ்வளவு கேஸ் இருக்கும், உங்க தொட்டி விஷயம் அவருக்கு உங்க அளவுக்கு தெரியாது. எம் புக், அதாவது நடந்த வேலையை அளந்து எழுதற புத்தகம், அதோட நகல், எஸ்டிமேட், தொட்டி விரிசல் விட்ட போட்டோ தேதியோட, ஊர்க்காரங்க கொடுத்த மனு, இதை ஒரு ஃபைலா போட்டு அரசு கூடுதல் வக்கீல் ஆபீஸ்ல கொடுத்து கையெழுத்து வாங்குங்க. உங்க தரப்பு வாதம் ரெண்டே பக்கம் போதும், எஃப்.ஐ.ஆர்லயே குற்றம் தெரியுது, விசாரணை பாதில இருக்கு, இப்ப நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். ஹைகோர்ட் ரத்து பண்ணிட்டா கூட சுப்ரீம் கோர்ட் போக உங்களுக்கு வழி இருக்கு, மேல சொன்ன போக்குவரத்துக் கழக வழக்குல போனவர் அந்த வழக்குல புகார்தாரர் கூட இல்லை. வக்கீல் ஃபீஸ் கஷ்டம்னா ஹைகோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, வருமானச் சான்றோட போய் மனு கொடுங்க. அடுத்த ஹியரிங் தேதியை மட்டும் முதல்ல கண்டுபிடிங்க.